தைவான் வானத்தில் எந்தக் கோடு எல்லை?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: சீனப் போர் விமானங்கள் தைவான் வான்வெளிக்குள் ஏறக்குறைய நாள்தோறும் நுழைகின்றன என்று செய்திகள் வருகின்றன, அப்படியானால் தைவான் ஏன் ஒன்றைக்கூடச் சுட்டு வீழ்த்தவில்லை, இந்த எண்ணிக்கை கூடிக்கொண்டே போவது போர் நெருங்குவதன் அடையாளமா? இரண்டு கேள்விகளுக்கும் அடியில் இருப்பது ஒன்றே: வானத்தில் எல்லை எங்கே இருக்கிறது, அதை யார் யார் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்? நான் இந்திய விமானப்படையின் ரேடார் நிலையங்களில், போர் விமானங்களுக்குத் தரையிலிருந்து வழிகாட்டும் பணியில் பத்தொன்பது ஆண்டுகள் இருந்தவன். தைவானில் பணியாற்றியவன் அல்லன். அந்தத் தீவைப் பற்றி இங்கே சொல்பவை வெளியான அறிக்கைகளிலிருந்து அறிந்தவை. ஆனால் திரையில் அடையாளம் தெரியாத ஒரு புள்ளி தோன்றியதும் ஒரு அறையில் என்னென்ன நடக்கும் என்பது நாட்டுக்கு நாடு பெரிதாக மாறுவதில்லை. அந்த அறையில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

முதலில் உறுதியானதைச் சொல்லிவிடுகிறேன். தைவான் பாதுகாப்பு அமைச்சகத்தின் நாளறிக்கையில் எண்ணப்படும் அந்த விமானங்கள், தைவான் தன்னுடையது என்று சட்டப்படி சொல்லும் வான்வெளிக்குள் வருவதில்லை. 1944-ஆம் ஆண்டின் சிகாகோ ஒப்பந்தம், ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்துக்கும் அதை ஒட்டிய கடற்பகுதிக்கும் மேலுள்ள வானத்தில் முழு இறையாண்மை உண்டு என்கிறது. அந்தக் கடற்பகுதி இன்றைய வழக்கப்படி கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர். அதற்கு அப்பால் எந்த நாட்டு இராணுவ விமானமும் பறக்கலாம். தைவான் அறிக்கைகளில் உள்ள சொல் 'வான் பாதுகாப்பு அடையாள மண்டலம்' என்பது. அது செய்தியாகும்போது நடுவிலுள்ள சொற்கள் உதிர்ந்து 'வான்வெளி' என்று சுருங்கிவிடுகிறது. பாதிக் குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

இந்த அடையாள மண்டலம் என்பது எந்தப் பன்னாட்டு ஒப்பந்தத்திலும் இல்லாத ஒன்று. அணுகுண்டு ஏந்திய சோவியத் விமானங்கள் கடல் தாண்டி வந்துவிடுமோ என்ற அச்சத்தில் 1950-இல் அமெரிக்கா முதன்முதலாக இதை அறிவித்தது. பிறகு பல நாடுகள் தமக்குத் தாமே வரைந்துகொண்டன. இந்தியாவுக்கும் இத்தகைய மண்டலங்கள் உண்டு. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரர் தெருவில் வருபவரைப் பார்த்து "யாரது?" என்று கேட்பதைப் போன்றது இது. கேட்க அவருக்கு நியாயம் உண்டு; ஆனால் தெரு அவருடையதன்று. தைவானின் மண்டலத்தை 1950-களில் அமெரிக்கர்கள் வரைந்தார்கள். அவர்கள் வரைந்த கட்டம், தைவானுக்கும் சீனாவுக்கும் நடுவிலுள்ள நீரிணையைத் தாண்டி ஃபுஜியான், ஜெஜியாங், ஜியாங்ஷி மாநிலங்களின் நிலப்பகுதி வரை சீனாவுக்குள்ளேயே நீள்கிறது. அந்தக் கட்டத்தை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால், ஃபுஜியானின் ஒரு விமானத்தளத்தில் சீன விமானம் மேலெழும்பிய உடனேயே அது 'மண்டலத்துக்குள் நுழைந்த'தாகிவிடும். அதனால் தைவான் பாதுகாப்பு அமைச்சகம் அவற்றையெல்லாம் எண்ணுவதில்லை. நீரிணையின் நடுக்கோட்டைத் தாண்டுபவற்றையும், தென்மேற்கு மூலை போன்ற கடற்பகுதிகளில் மண்டலத்துக்குள் வருபவற்றையும்தான் நுழைவுகள் என்று குறிக்கிறது.

ஆக மூன்று கோடுகள் இருக்கின்றன. 12 கடல் மைல் கோடு சட்டத்தின் கோடு; அடையாள மண்டலத்தின் வெளிக்கோடு தைவானின் கோடு. இவற்றுக்கு இடையிலுள்ள நடுக்கோடுதான் எல்லாவற்றிலும் விசித்திரமானது, இந்தச் சிக்கலின் மையமும் அதுவே. 1950-களின் நடுவில் தைப்பேயில் பணியாற்றிய அமெரிக்க விமானப்படைத் தளபதி பெஞ்சமின் டேவிஸ், இரு தரப்பு விமானங்களும் மோதிக்கொள்ளாமல் இருக்கட்டும் என்று நீரிணையின் நடுவே வரைந்த கோடு அது. எந்த உடன்படிக்கையிலும் அது எழுதப்படவில்லை. சீனா அதை ஏற்பதாக ஒருபோதும் அறிவிக்கவில்லை. இருந்தும் பல பத்தாண்டுகள் இரு தரப்பு விமானிகளும் பெரும்பாலும் அதை மதித்து நடந்தார்கள். எழுதப்படாத ஒரு வரப்பைப் பக்கத்து வயல்காரர்கள் இருவரும் தலைமுறை தலைமுறையாக மதிப்பதைப் போல.

அந்த வரப்பு எப்படிக் கரைந்தது என்பதைத் தேதிவாரியாகவே சொல்லலாம். 1999 ஜூலையில் அன்றைய தைவான் அதிபர் லீ டெங்-ஹுய், தைவானுக்கும் சீனாவுக்கும் உள்ள உறவு ஒரு சிறப்பு வகையான நாட்டுக்கும் நாட்டுக்குமான உறவு என்று சொன்னபோது சீன விமானங்கள் அந்தக் கோட்டைத் தாண்டின. அதன்பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வேண்டுமென்றே தாண்டிய நிகழ்வு என்று பேசப்பட்டது எதுவும் இல்லை. 2019 மார்ச் 31 அன்று இரண்டு ஜே-11 விமானங்கள் தாண்டி, சுமார் பத்து நிமிடம் மறுபக்கத்தில் இருந்துவிட்டுத் திரும்பின. 2020 ஆகஸ்டில் அமெரிக்க சுகாதார அமைச்சர் அலெக்ஸ் அசார் தைப்பே வந்தபோது மீண்டும் தாண்டின. அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க வெளியுறவுத் துறையின் துணைச் செயலர் கீத் கிராக் வந்தபோது இரண்டு நாள்களில் 37 விமானங்கள் வந்தன. அடுத்த சில நாள்களுக்குள் சீன வெளியுறவு அமைச்சகத்தின் பேச்சாளர், நடுக்கோடு என்று ஒன்று இல்லவே இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். தைவான் தன் பகுதியே என்பது பெய்ஜிங்கின் நிலைப்பாடு. அந்த நிலைப்பாட்டிலிருந்து பார்த்தால் தன் நாட்டுக்கு நடுவே ஒரு கோட்டை அது எப்படி ஏற்கும்? அவர்களுடைய தர்க்கத்துக்குள் அதில் முரண் இல்லை. ஆனால் ஒரு வரப்பை வாயால் மறுப்பது ஒன்று, நாள்தோறும் காலால் மிதிப்பது வேறொன்று. இரண்டாவது 2022 ஆகஸ்டில் தொடங்கியது.

எண்களைப் பார்ப்போம். தைவான் பாதுகாப்பு அமைச்சகம் நாளறிக்கை வெளியிடத் தொடங்கியது 2020 செப்டம்பரில். அந்த ஆண்டில் எண்ணப்பட்ட நுழைவுகள் சுமார் 380. 2021-இல் அது 900-ஐத் தாண்டியது. சீனத் தேசிய நாளையொட்டி அக்டோபர் முதல் நான்கு நாள்களில் மட்டும் 149, அதில் நான்காம் தேதி ஒரே நாளில் 56. 2022 ஆகஸ்ட் 2 இரவு அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையின் தலைவர் நான்சி பெலோசி தைப்பேயில் இறங்கினார். அவர் புறப்பட்டுப்போன மறுநாளே தீவைச் சுற்றிப் பெரும் பயிற்சி தொடங்கியது. ஏவப்பட்ட ஏவுகணைகளில் ஐந்து ஜப்பானின் பொருளாதாரக் கடல் மண்டலத்தில் விழுந்தன. அந்த ஆண்டின் கூட்டுத்தொகை 1,700-ஐத் தாண்டியது. 2023-இலும் ஏறக்குறைய அதே அளவு. 2024-இல் 3,000-ஐக் கடந்தது. லாய் சிங்-தே அதிபராகப் பொறுப்பேற்ற ஆண்டு அது; அந்த அக்டோபர் 14 அன்று நடந்த பயிற்சியில் ஒரே நாளில் 153 விமானங்கள் எண்ணப்பட்டன, அவற்றில் 111 நடுக்கோட்டைத் தாண்டியவை அல்லது மண்டலத்துக்குள் வந்தவை. மூன்றாண்டுகளுக்கு முன் உலகத்தையே பதறவைத்த 56 என்ற எண்ணுக்கு அருகில் இதை வைத்துப் பாருங்கள். பெலோசி வருகை ஒரு சினத்தின் வெளிப்பாடு, ஆறியதும் பழைய நிலை திரும்பும் என்று அப்போது பலர் எண்ணினார்கள். திரும்பவில்லை. இந்த விவகாரத்தில் எனக்கு மிகவும் கவலை தருவது இந்தத் திரும்பாமைதான்.

எண்ணிக்கையை விட இடமும் வகையும் அதிகம் பேசும். தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலான நுழைவுகள் தென்மேற்கு மூலையில், தைவானுக்கும் அதன் ஆளுகையிலுள்ள டோங்ஷா தீவுக்கும் இடையிலான கடலுக்கு மேல் நிகழ்ந்தன. அங்கிருந்து கிழக்கே போனால் தைவானுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் நடுவிலுள்ள பாஷி கால்வாய். தென்சீனக் கடலிலிருந்து பசிபிக் பெருங்கடலுக்குப் போகும் நீர்மூழ்கிகளுக்கு அது முக்கியமான வாசல். அந்த நாள்களில் அடிக்கடி வந்தவை பெரும்பாலும் மெதுவாகப் பறக்கும், நீர்மூழ்கிகளைத் தேடும் ஒய்-8 வகை விமானங்கள். செய்தியில் 'போர் விமானங்கள் நுழைந்தன' என்று வந்தாலும் அவற்றில் பல இன்னொரு நாட்டு நீர்மூழ்கியைத் தேடி வந்தவையாக இருக்கக்கூடும். தைவானை மிரட்டுவது அங்கே ஒரே நோக்கம் அன்று என்பதை அந்த விமானத்தின் வகையே சொல்லிவிடுகிறது.

இனி அந்த அறைக்குள் வாருங்கள். தைவான் நீரிணை மிகக் குறுகிய இடத்தில் சுமார் 130 கிலோமீட்டர், சராசரியாக 180 கிலோமீட்டர் அகலம். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் நிமிடத்துக்கு 15 கிலோமீட்டர் கடக்கும். எல்லாரும் நடுக்கோட்டை மதித்த காலத்தில், ஒரு புள்ளி அந்தக் கோட்டைத் தாண்டியது என்பதே எச்சரிக்கை. அங்கிருந்து கரையை அடைய அதற்கு நான்கு முதல் ஆறு நிமிடம் ஆகும். 12 கடல் மைல் கோட்டை எட்ட அதிலும் ஒன்றரை நிமிடம் குறைவு. அந்த நேரத்துக்குள் புள்ளியை அடையாளம் காண வேண்டும், மேலதிகாரியிடம் சொல்ல வேண்டும், அவர் தீர்மானிக்க வேண்டும், ஓடுபாதை ஓரத்தில் ஆயுதம் பூட்டி நிற்கும் விமானங்கள் கிளம்ப வேண்டும். நடுக்கோடு செல்லாக்காசானதும், 'இது வழக்கத்துக்கு மாறானது' என்று சொல்ல உதவிய முதல் அடையாளமே போய்விட்டது. நாளொன்றுக்குப் பத்து விமானங்கள் தாண்டும்போது பதினொன்றாவது எதற்காக வருகிறது என்பதை எந்த ரேடாரும் சொல்லாது.

ஒரு நிகழ்வைச் சொல்ல அனுமதியுங்கள். மேற்கு எல்லைக்கு அருகே நான் பணியில் இருந்த ஒரு நிலையத்தில், நள்ளிரவு கடந்த நேரம், எதிர்பாராத உயரத்தில் எதிர்பாராத திசையிலிருந்து ஒரு புள்ளி வந்தது. நம் நாட்டில் வானில் ஏறும் ஒவ்வொரு விமானத்துக்கும் வான் பாதுகாப்பு அனுமதி எண் உண்டு. அந்தப் பட்டியலில் இதற்குப் பொருந்துவது எதுவும் எங்களிடம் இல்லை. நண்பனா அயலானா என்று கேட்கும் கருவிக்கும் பதில் வரவில்லை. விமானங்கள் கிளம்ப ஆணை போயிற்று. நான்காவது நிமிடத்தில் தொலைபேசி ஒலித்தது: மோசமான வானிலையைத் தவிர்க்க வழிமாறிய பயணிகள் விமானம், அந்தச் செய்தி ஓர் இடைநிலைக் கட்டுப்பாட்டு அறையிலேயே தங்கிவிட்டிருந்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் அந்த நான்கு நிமிடங்களில் என் உள்ளங்கை எப்படி வியர்த்தது என்பது இன்றும் நினைவிருக்கிறது. அது அமைதிக்காலம், எங்கள் திரையில் வேறு புள்ளி எதுவும் இல்லை. தைவானில் என் பணியைச் செய்பவர்கள் இதைத் திரை நிறையப் புள்ளிகளோடு செய்கிறார்கள்.

அதன் விலையும் கணக்கில் இருக்கிறது. 2020-இல் அக்டோபர் தொடக்கம் வரை மட்டும் தைவான் விமானப்படை 2,972 முறை விமானங்களை மேலே அனுப்பியதாகவும், அதற்கு 2,550 கோடி தைவான் டாலர் செலவானதாகவும் அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். பணம் ஒரு பக்கம். ஒரு போர் விமானத்தின் உடலுக்கு இத்தனை மணி நேரம்தான் ஆயுள் என்று கணக்கு உண்டு. ஒவ்வோர் எழும்பலும் அந்தக் கையிருப்பில் கை வைக்கிறது. விமானியின் உறக்கமும் பயிற்சி நேரமும் அப்படியே. பெரிய படையிடம் விமானங்கள் பல, அது முறைபோட்டு அனுப்பலாம். சிறிய படை ஒவ்வொரு முறையும் அதே விமானங்களை, அதே ஆள்களை அனுப்ப வேண்டும். 2021-இலேயே தைவான் இதை உணர்ந்து, எல்லாவற்றுக்கும் விமானம் அனுப்புவதை நிறுத்தி, பலவற்றைத் தரையிலுள்ள ஏவுகணை அமைப்புகளின் ரேடாரைக் கொண்டு கண்காணிக்கத் தொடங்கியது. என் அனுபவத்தில் அது சரியான முடிவு. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. மேலே போன விமானி கண்ணால் பார்த்து, 'இறக்கையில் ஆயுதம் இருக்கிறது' என்றோ 'இல்லை' என்றோ சொல்வான். தரையிலுள்ள ரேடார் அதைச் சொல்லாது.

சுடாமல் இருப்பது ஏன் என்பதற்கு இப்போது விடை எளிது. தெருவில் நடப்பவனைச் சுட வீட்டுக்காரனுக்கு உரிமை இல்லை. 12 கடல் மைலுக்கு அப்பால் ஒரு சீன விமானத்தைத் தைவான் சுட்டால் சட்டப்படி முதல் குற்றவாளி தைவான்தான். சீனாவுக்குப் போர் தொடுக்க அதைவிடச் சிறந்த காரணம் கிடைக்காது. 12 கடல் மைலுக்குள் வந்தால் நிலைமை வேறு. 2022 அக்டோபரில் தைவானின் பாதுகாப்பு அமைச்சர், சீன விமானமோ ஆளில்லா விமானமோ தங்கள் வான்வெளிக்குள் நுழைந்தால் அதையே முதல் தாக்குதலாகக் கருதுவோம் என்று சொன்னார். அதற்கு முன் முதல் தாக்குதல் என்பது குண்டோ ஏவுகணையோ பாய்வதாக இருந்தது. தைவான் உண்மையில் சுட்டு வீழ்த்தியதும் ஒன்று உண்டு: 2022 செப்டம்பர் 1 அன்று, சீனக் கரைக்கு மிக அருகிலுள்ள கின்மென் தீவுக்கூட்டத்தின் சிறு தீவொன்றின் மேல் பறந்த ஆளில்லாச் சிறு விமானம். எச்சரித்தும் விலகாததால் அதை வீழ்த்தினார்கள். அங்கே அது தெருவில் இல்லை, முற்றத்துக்குள் வந்திருந்தது.

உண்மையான வான்வெளி மீறலில் நாடுகள் எப்படி நடந்துகொண்டன என்பதும் ஒரேபோல் இல்லை. 2015 நவம்பர் 24 அன்று சிரிய எல்லையில் ரஷ்யாவின் சு-24 விமானத்தைத் துருக்கி வீழ்த்தியது. அது தங்கள் வான்வெளியில் 17 நொடிகள் இருந்ததாகத் துருக்கியே சொன்னது, நுழையவே இல்லை என்றது ரஷ்யா. 2025 செப்டம்பரில் மூன்று ரஷ்ய மிக்-31 விமானங்கள் எஸ்தோனியாவின் வான்வெளியில் சுமார் 12 நிமிடம் இருந்ததாக அந்நாடு சொன்னது. அங்கே யாரும் சுடவில்லை, நேட்டோ விமானங்கள் உடன் பறந்து வெளியேற்றின. 17 நொடிக்குச் சுட்டவர்களும் உண்டு, 12 நிமிடம் பொறுத்தவர்களும் உண்டு. சட்டம் உரிமையைத் தருகிறது. அதைப் பயன்படுத்துவதா என்பதை அந்த வாரத்து அரசியல்தான் தீர்மானிக்கிறது. தமிழர்களுக்கு இதில் நெருக்கமான ஒரு நிகழ்வும் உண்டு. 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானப்படையின் ஏஎன்-32 விமானங்கள், மிராஜ் 2000 போர் விமானங்களின் காவலோடு, இலங்கை அரசின் இசைவின்றி யாழ்ப்பாணத்தின் மேல் சுமார் 25 டன் நிவாரணப் பொருள்களைப் போட்டன. முந்தைய நாள் படகுகளில் அனுப்பியவற்றை இலங்கைக் கடற்படை திருப்பியனுப்பியிருந்தது. பட்டினியில் இருந்த மக்களுக்குச் சோறு அது. அதே சமயம் சட்டத்தின் கண்ணில் தெளிவான வான்வெளி மீறல், கொழும்பு அப்படித்தான் கண்டித்தது. இந்தியா இலங்கைத் தூதரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டிருந்தது, இலங்கை சுடவில்லை. எட்டு வாரங்களுக்குள் இரு நாடுகளும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. விமானங்கள் வானில் எழுதிய செய்தியைத் தரையில் இருந்தவர்கள் சரியாகப் படித்துவிட்டார்கள். எல்லா நேரத்திலும் அப்படி வாய்ப்பதில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு முன் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் திட்டமிட்ட போரைவிட எனக்கு அதிக அச்சம் தருவது திட்டமிடாத விபத்து. 2001 ஏப்ரல் 1 அன்று ஹைனான் தீவுக்கு அருகே அமெரிக்காவின் ஈபி-3 உளவு விமானமும் அதை விரட்ட வந்த சீன ஜே-8 விமானமும் மோதின. சீன விமானி இறந்தார். ஹைனானில் இறங்கிய அமெரிக்கக் குழுவினர் 24 பேரும் 11 நாள்கள் பிடித்துவைக்கப்பட்டனர். அன்று இரு அரசுகளும் பேசின, அதனால் தீர்ந்தது. 2022 மே மாதம் தென்சீனக் கடலின் மேல் ஒரு சீனப் போர் விமானம் ஆஸ்திரேலியக் கண்காணிப்பு விமானத்தின் முன்னால் சென்று அலுமினியத் துகள்களை உதிர்த்தது. அவற்றில் சில அதன் எஞ்சினுக்குள் போயின. 2021 இலையுதிர் காலத்திலிருந்து இரண்டாண்டுகளில் இத்தகைய ஆபத்தான இடைமறிப்புகள் 180-க்கு மேல் தங்கள் விமானங்களுக்கு நேர்ந்ததாக அமெரிக்கப் பாதுகாப்புத் துறை கணக்குச் சொன்னது, அதற்கு முந்தைய பத்தாண்டில் நடந்தவற்றை விட இது அதிகம் என்றது. அது ஒரு தரப்பின் கணக்கு என்பதை மறக்க வேண்டாம். தன் கரைக்கு அருகே ஓயாமல் உளவு பார்க்க வருவதே மூலகாரணம் என்கிறது சீனா. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியும்.

பதற்றத்தில் எதிரியை மட்டும்தான் தவறாகச் சுடுவோம் என்பதும் இல்லை. 2019 பிப்ரவரி 27 காலை, பாலாகோட் தாக்குதலுக்கு மறுநாள், பாகிஸ்தான் விமானங்கள் ஜம்மு காஷ்மீர் எல்லைக்கு வந்திருந்த நேரத்தில், ஸ்ரீநகருக்கு அருகே நம் ஏவுகணையே நம் எம்ஐ-17 ஹெலிகாப்டரை வீழ்த்தியது. உள்ளே இருந்த ஆறு விமானப்படையினரும் தரையில் ஒரு குடிமகனும் இறந்தனர். அது எங்கள் பெருந்தவறு என்று அந்த ஆண்டு அக்டோபரில் விமானப்படைத் தலைவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பயிற்சியில் குறைந்தவர்கள் அல்லர் அவர்கள். நான் அத்தகையவர்களோடு பணியாற்றியவன். திரை நிறைந்திருக்கும்போது, காது நிறையக் குரல்கள் கேட்கும்போது, ஒருவன் ஒரு புள்ளியைத் தவறாகப் படிப்பதற்குத் தீய எண்ணம் எதுவும் தேவையில்லை.

அதனால்தான் பேசும் வழிகள் முக்கியம். இந்தியாவும் பாகிஸ்தானும் மூன்று போர்களுக்குப் பின் 1991 ஏப்ரலில் ஓர் உடன்பாடு செய்துகொண்டன: போர் விமானங்கள் ஒன்று மற்றதன் வான்வெளிக்கு 10 கிலோமீட்டருக்குள் வரக்கூடாது என்று. அது எப்போதும் மதிக்கப்பட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் மீறினால் 'மீறினாய்' என்று சுட்டிக்காட்ட ஒரு தாள் இருந்தது, தொலைபேசியில் ஒரு அதிகாரி இருந்தார். சீனாவுக்கும் தைவானுக்கும் நடுவே அப்படி ஒரு தாள் இல்லை. 2015-இல் இரு தரப்பின் நீரிணை விவகார அலுவலகங்களுக்கு இடையே ஏற்பட்ட நேரடித் தொலைபேசி, அடுத்த ஆண்டே சாய் இங்-வென் அதிபரானபின் மௌனமானது. பெலோசி வருகைக்குப் பதிலடியாகச் சீனா அமெரிக்கத் தளபதிகளோடான பேச்சுகளையும் நிறுத்தியது. 2023 நவம்பரில் பைடனும் ஷி ஜின்பிங்கும் கலிஃபோர்னியாவில் சந்தித்தபின்தான் அவை மீண்டன. உடனடியாகத் தேவைப்படும் கருவியை, தேவை உச்சத்தில் இருக்கும்போது, தண்டனையாக அணைத்துவைப்பது எனக்கு ஒருபோதும் புரிந்ததில்லை.

இது போருக்கு அடையாளமா? இங்கே உறுதியிலிருந்து ஐயத்துக்கு நகர்கிறேன். விமானங்கள் எத்தனை, எங்கே, எந்த வகை என்பதை ரேடார் சொல்லும். எதற்காக என்பதைச் சொல்லாது. ஒரே பறப்பு விமானிக்குப் பயிற்சி, தைப்பேக்கு மிரட்டல், வாஷிங்டனுக்குச் செய்தி, தைவான் படையைக் களைக்கச் செய்யும் உத்தி என நான்காகவும் இருக்கலாம், வெளியிலிருந்து பிரித்துப் பார்க்க வழியில்லை. என் மதிப்பீடு, இது ஒரு மதிப்பீடு மட்டுமே: எண்ணிக்கை கூடுவது மட்டும் படையெடுப்பின் முன்னறிவிப்பு அன்று. 180 கிலோமீட்டர் கடல் தாண்டி ஒரு தீவைப் பிடிக்க விமானங்கள் போதா. கப்பல்கள் சேர வேண்டும், எரிபொருள் குவிய வேண்டும், காயம்பட்டவர்களுக்கு மருத்துவமனைகளில் இடம் காலியாக வேண்டும். 2022 ஜனவரி இறுதியில் உக்ரைன் எல்லைக்கு அருகே ரஷ்யா இரத்த இருப்பைக் கொண்டுசேர்ப்பதாக அமெரிக்க அதிகாரிகள் சொன்னதாக வந்த செய்திதான் அன்று என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. பயிற்சிக்கு வருபவனுக்கு அத்தனை இரத்தம் தேவைப்படாது.

ஆனால் இந்த ஆறுதலிலேயே ஒரு பொறி இருக்கிறது. 1973-இல் எகிப்து சூயஸ் கால்வாய்க் கரையில் மீண்டும் மீண்டும் பயிற்சி நடத்தியது. மே மாதம் இஸ்ரேல் நம்பிப் படை திரட்டியது, பெரும் செலவு, போர் வரவில்லை. அக்டோபரில் மறுபடியும் அதே போன்ற நடமாட்டம்; இதுவும் பயிற்சிதான் என்று இஸ்ரேலின் உளவுத்துறை முடிவு செய்தது. 6-ஆம் தேதி எகிப்தியப் படைகள் கால்வாயைக் கடந்தன. 'புலி வருது' கதையை நாம் பொய் சொன்ன சிறுவனின் தவறாகவே சொல்லிப் பழகியிருக்கிறோம். கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போன ஊராரின் பக்கமிருந்தும் அதைச் சொல்லலாம். இஸ்ரேலுக்கு நேர்ந்தது அதுதான், தைவானின் ரேடார் அறைகளில் இருப்பவர்கள் நாள்தோறும் எதிர்த்து நிற்பதும் அந்த மரத்துப்போதலைத்தான். 2024-இன் 3,000-க்கு மேற்பட்ட நுழைவுகளில் மிகப் பெரும்பாலானவை திரும்பிப்போகும் என்று அவர்களுக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் திரும்பாதது போலவே பார்க்க வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

இந்தச் செய்திகளைத் தொடர்ந்து படிக்க நினைக்கிறீர்கள் என்றால், தைவான் அமைச்சகம் காலை ஆறு மணி வரையிலான ஒரு நாள் கணக்கை நாள்தோறும் வெளியிடுகிறது. மொத்த எண்ணை விட்டுவிடுங்கள். நடுக்கோட்டைத் தாண்டியவை எத்தனை என்று பாருங்கள். விமானங்களோடு கப்பல்களும் சேர்ந்து நகர்ந்தனவா, தீவின் கிழக்குப் புறத்திலும் தென்பட்டனவா, கரையிலிருந்து 24 கடல் மைல் கோட்டை நெருங்கினவா என்று பாருங்கள். அப்படி நெருங்கியதாக 2023 ஜூனில் அமைச்சகம் அறிவித்தது. பயணிகள் விமானப் பாதைகளையும் கவனியுங்கள். நடுக்கோட்டுக்கு மேற்கே எம்503 என்று ஒரு பாதை உண்டு. தைவானின் கவலையை ஏற்றுச் சீனா 2015-இல் அதைச் சற்றே மேற்கே நகர்த்தியிருந்தது. 2024 பிப்ரவரியில் அந்த நகர்த்தலைக் கைவிட்டது. இப்போது அது நடுக்கோட்டிலிருந்து மிக நெருக்கமான இடத்தில் சுமார் 8 கிலோமீட்டர். ஒரு போர் விமானத்துக்கு அது அரை நிமிடத் தொலைவு. அந்தப் பாதையில் போகும் புள்ளி பயணிகளை ஏற்றியதா வேறெதுவா என்று திரையைப் பார்த்துச் சொல்ல வேண்டியவருக்கும் அவ்வளவு நேரம்தான் இருக்கிறது.